பயத்தை மொய் வைத்தவர்கள்

பேய்க் கதைக்கு மார்க் போடுவது பேயை ஓட்டுவதைவிடச் சிரமமான வேலை. சந்தேகம் இருந்தால் திலகமணி டீச்சரைக் கேட்கலாம். ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் திகில் கதையும் படக்கதையும் சேர்ந்த நாளிலிருந்து அவள் நிம்மதியாகச் சோறு உண்டதில்லை. "எம்புள்ளைக்கு ஏனுங்க ஆறு, அவிய புள்ளைக்கு ஏனுங்க ஒம்போது? ரெண்டும் பேய்தானுங்களே?" என்று பெற்றோர் வந்து நிற்பார்கள். இந்தப் பேய் சும்மா புளியமரத்தில் உட்கார்ந்திருக்கிறது, அந்தப் பேய் உட்கார ஒரு காரணம் இருக்கிறது என்று அவள் விளக்குவாள். கேட்டவர்கள் அவளையே ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போவார்கள்.

இந்தச் சண்டை சங்ககிரியில் மட்டும் இல்லை, எல்லா ஊரிலும் இருந்ததால் மேலிடம் ஒரு முடிவு எடுத்தது. ஆசிரியர் மார்க் போட வேண்டாம், பயமே போடட்டும். அந்த வருடம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கைப்பட்டை வந்தது. வகுப்புச் சுவரில் உள்ள திரையில் ஒரு கதை ஓடும்போது, எழுதியவரைத் தவிர மற்றவர்கள் பட்டையைக் கட்டிக்கொண்டு படிப்பார்கள். நாடித் துடிப்பு, உள்ளங்கை வேர்வை, மயிர்க்கூச்சம் எல்லாவற்றையும் பட்டை அளக்கும். வகுப்பு எவ்வளவு பயந்ததோ அதுவே பத்துக்கு மார்க். கூட வந்த விளக்கத் தாளின் முதல் வரியே 'பயம் பொய் சொல்லாது' என்பதுதான்.

திலகமணிக்கு முதலில் சந்தோஷம். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும் என்று இத்தனை நாள் ஏறிக்கொண்டிருந்தவளை யாரோ ஏணி வைத்து இறக்கிவிட்டது போல இருந்தது.

ஆனால் சில வாரங்களிலேயே அவளுக்கு எங்கேயோ உதைத்தது. சுகவனேஷ் எழுதிய கதையில் ஒரு பேய் கிணற்றிலிருந்து எழுந்து வந்து "நான்தான் பேய்" என்றது. அவ்வளவுதான் கதை. அதற்கு ஒன்பதரை. ஒரு பெண் தன் அண்ணனின் பழைய கதையையே பெயர் மாற்றிக் கொடுத்தாள், அதற்கும் ஒன்பது. வகுப்பின் சராசரி மேலே மேலே போனது. தலைமையாசிரியர் அருணகிரி, "உங்க கிளாஸ்தான் டீச்சர் இந்தச் சுத்துவட்டாரத்துக்கே நெம்பர் ஒன்" என்று பெருமையில் காலர் இல்லாத சட்டைக்கே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

அப்புறம் பிரணிதாவின் படக்கதை திரைக்கு வந்தது.

பிரணிதா அதிகம் பேசாத பெண். எந்தத் தாள் கையில் கிடைத்தாலும் வரைவாள். அவள் கதையில் ஒரு வார்த்தைகூட இல்லை. சத்துணவு வரிசையில் பிள்ளைகள் தட்டோடு நிற்கிறார்கள். அடுத்த கட்டத்தில் அதே வரிசை, கடைசியில் ஒரு பெண் கூடுதலாக. முகம் முன்னால் நிற்பவளின் பின்னலுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அடுத்தடுத்த கட்டங்களில் அவள் ஒவ்வொரு இடமாக முன்னே வருகிறாள், யாரும் தள்ளி நிற்கவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் வரிசை மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. கடைசிக் கட்டத்தில் சாதக் கரண்டியும், தட்டை நீட்டும் இரண்டு கைகளும் மட்டும். பார்ப்பவரின் கைகள் எங்கே இருக்குமோ, அங்கேதான் அந்தக் கைகள் இருந்தன.

திலகமணி தன்னையறியாமல் கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையின் கதை அவளை இப்படித் தொட்டதில்லை. திரும்பித் திரையின் மூலையைப் பார்த்தாள்.

ஒன்று புள்ளி இரண்டு.

பிரணிதா அழவில்லை. ஏற்கெனவே கூராக இருந்த பென்சிலை எடுத்து மறுபடி சீவத் தொடங்கினாள். அவளுக்கு அந்த மார்க் சும்மா மார்க் இல்லை என்பது திலகமணிக்குத் தெரியும். மாவட்ட மாதிரிப் பள்ளியில் ஓவியப் பிரிவு இருக்கிறது. அங்கே பதினொன்றாம் வகுப்பில் சேர, தமிழில் இந்தக் கதைப் பகுதியில் ஆறுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அப்பா லாரி டிரைவர். காசு கட்டிப் படிக்க வைக்கும் வீடு இல்லை. இந்தக் கதவு சாத்திக்கொண்டால் வேறு கதவு கிடையாது.

மறுநாள் காலை சுகவனேஷின் அம்மா ருக்குமணி பள்ளிக்கு வந்தாள். மார்க் சண்டைக்குத்தான் என்று நினைத்து திலகமணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். ருக்குமணி சண்டைக்கு வரவில்லை.

"ஏனுங்க டீச்சர், இந்தப் பேய்க் கதையெல்லாம் படிக்காட்டித்தான் என்னங்க?"

"ஏம்மா, பயந்துக்கறானா?"

"பகல்ல நல்லாத்தானுங்க இருக்கறான். படுத்தா, என்ற சீலை முந்தானைய விரல்ல சுத்திக்கிட்டுத்தான் தூங்கறான். பதினாலு வயசுப் பையனுங்க. வெளிய சொன்னா சிரிப்பாங்க. நடுவுல எந்திரிச்சு என்ற மூக்குகிட்ட கைய வெச்சுப் பாக்கறானுங்க, மூச்சு வருதான்னு."

அவளை அனுப்பிவிட்டு திலகமணி பையனைக் கூப்பிட்டாள். சுகவனேஷ் வகுப்பிலேயே பெரிய வாய். எதைக் கேட்டாலும் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்வான். அன்று கால் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டு நின்றான்.

"டேய், கெணத்துல இருந்து பேய் வந்து 'நான்தான் பேய்'னு சொல்லுது. அதுக்கு வகுப்பே நடுங்குச்சுன்னு பட்டை சொல்லுது. நான் நம்பணுமா?"

அவன் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை.

"மொய்ங்க டீச்சர்."

"என்னது?"

"மொய்தானுங்க. ஒருத்தி கதை ஓடறப்ப நான் பயந்து வெப்பேன். என்ற கதை ஓடறப்ப அவ பயந்து வெக்கோணும். ஒறம்பரைக்குள்ள கல்யாணங்காச்சிக்கு வெக்கறதில்லீங்களா, அதாட்டத்தான். யாரு யாருக்கு வெச்சாங்கன்னு எங்களுக்கு மனசுலயே இருக்கும்."

திலகமணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எங்கோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து யாரோ படித்தவர்கள் செய்த கருவி. அதைச் சங்ககிரிப் பிள்ளைகள் ஒரே மாதத்தில் கல்யாண மண்டபமாக்கிவிட்டார்கள். சிரித்து முடித்தபிறகுதான் அடுத்த கேள்வி அவளுக்கு வந்தது.

"பொய்யாப் பயந்தா பட்டை ஏறாதே? மூச்சை அடக்கினாக்கூடக் கண்டுபிடிச்சிருமே?"

"ஆமாங்க. பொய்யாப் பயந்தா ஏறாது. அதனால நெசமாவே பயந்துக்குவோம். அவுங்கவுங்களுக்கு எது நெசமா பயமோ, கண்ண மூடி அத நெனச்சுக்கறது. ஜிவ்வுனு ஏறிரும்."

"நீ எதை நெனப்ப?"

அவன் கண் கேட்டுப் பக்கம் போனது. வாசலில் இப்போதுதான் செருப்பைப் போட்டுக்கொண்டு போன ருக்குமணியின் முதுகு இன்னும் கேட்டருகே தெரிந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை கதைடா?"

"நாலஞ்சு ஓடுமுங்களே." கொஞ்சம் நிறுத்திவிட்டு அவன் சொன்னான். "இப்ப செரமமா இருக்குதுங்க டீச்சர். முன்னாட்டம் ஏற மாட்டேங்குது. அம்மா செத்துப்போயிட்டாட்டம் நெனச்சாக்கூட ஒண்ணும் ஆகறதில்லை. அதுக்குத்தான் ராத்திரி எந்திரிச்சு அம்மா மூக்குகிட்ட கைய வெச்சுப் பாக்கறது. அப்பவாச்சும் பயம் வருதா, இல்ல எனக்கு எதாச்சும் ஆயிருச்சோன்னு."

திலகமணிக்குப் பிள்ளையைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல், "பிரணிதாவுக்கு ஏன் யாரும் வெக்கலை?" என்று கேட்டாள்.

"அவ யாருக்கும் வெக்கலீங்களே. வெக்காதவ விசேஷத்துக்கு யாரு வெப்பாங்க?"

பிரணிதாவை அவள் மதியம் வேப்பமரத்தடியில் பிடித்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"எல்லாரும் பண்றது உனக்குத் தெரியுமா கண்ணு?"

"தெரியுமுங்க டீச்சர்."

"நீ ஏன் பண்ணலை?"

"எனக்கு ஒரே ஒரு பயந்தானுங்க." அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அப்பா லாரியில லைனுக்குப் போயிருக்காருங்க. கவுகாத்தி. அவரு லைன்ல இருக்கறப்ப எங்க வூட்ல அதப் பேச மாட்டோம். எப்ப வருவீங்கன்னுகூட அம்மா கேக்காது. டிவியில லாரி கவுந்ததக் காட்டுனா அம்மா ஓடிப்போய் அணைச்சிரும். பேசவே கூடாதுன்னா, நெனைக்கறதும் கூடாதுதானுங்களே. நெனச்சா நடந்துரும்."

"நெனச்சா நடந்துருமா? அப்படிப் பார்த்தா நான் நெனச்ச புதுக் கட்டடம் இந்நேரம் வந்திருக்கணுமே" என்று திலகமணி சிரிக்க வைக்கப் பார்த்தாள். பிரணிதா சிரிக்கவில்லை. அந்த ஊரில் லாரிக்குப் போகாத வீடு குறைவு. இப்போது வண்டிகள் பாதித் தூரம் தாமே ஓட்டிக்கொள்கின்றன என்றாலும், மலைப் பாதையில் ஸ்டீயரிங்கைப் பிடிக்க ஆள் வேண்டும். அந்த ஆளின் வீட்டில் சில வார்த்தைகள் அவர் திரும்பும் வரை வாய்க்கு வராது. திலகமணி படித்தவள், இதெல்லாம் நம்பாதவள். ஆனாலும் அவள் அண்ணன் லாரி ஓட்டிய காலத்தில் 'பிரேக்' என்ற சொல்லை அவள் வீட்டிலும் யாரும் சொன்னதில்லை.

"அந்த ஸ்கூலு கெடைக்காட்டிப் போச்சாதுங்க டீச்சர், பரவால்லீங்க" என்றாள் பிரணிதா. குரல் மட்டும் கொஞ்சம் உடைந்தது.

திலகமணி அன்று வீட்டுக்குப் போய் விதிமுறைகளைப் படித்தாள். அவளால் இரண்டே காரியங்கள் செய்ய முடியும். வகுப்பு கூட்டுச் சேர்ந்து ஏமாற்றியது என்று குறித்தால், எல்லாருக்கும் பூஜ்யம், பிரணிதா உட்பட. அது வேண்டாம். இல்லையென்றால், ஒரு கதையை ஒரே ஒருமுறை மறுவாசிப்புக்கு விடலாம். இது நல்ல வழி என்று அவளுக்குப் பட்டது. அவ்வளவு நல்ல படக்கதை. ஒழுங்காகப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் முதுகு சிலிர்க்காது?

மறுநாள் வகுப்பில் அவள் திட்டவில்லை, மிரட்டவில்லை. எல்லாம் தெரியும் என்று மட்டும் சொன்னாள்.

"இனிமே மொய் வேண்டாம். கதை வந்தா கதையப் படிங்க. அதுக்கு எது வருதோ வரட்டும். திங்கக்கெழமை பிரணிதா படம் மறுபடி ஓடும். அவளுக்கு ஆறு வேணும், எதுக்குன்னு உங்களுக்கே தெரியும். நான் கேக்கறது ஒண்ணுதான். படத்தைப் பாருங்க."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுகவனேஷ் எழுந்து, "செரிங்க டீச்சர், நாங்க பாத்துக்கறோம்" என்றான். அந்தப் பதிலில் அவள் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

திங்கட்கிழமை சன்னல்களைச் சாத்தி, திரையைப் போட்டார்கள். சத்துணவு வரிசை வந்தது. கூடுதல் பெண் வந்தாள், நகர்ந்தாள். திலகமணி பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறையும் அந்தக் கைகள் வந்தபோது அவளுக்குப் புல்லரித்தது. மூலையில் எண் ஓடியது. நான்கைத் தாண்டியது, ஆறைத் தாண்டியது, நிற்கவில்லை.

ஒன்பது புள்ளி ஏழு. அந்த வகுப்பு அதுவரை வாங்காத மார்க்.

பிரணிதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். திலகமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. கடைசியில் கதை ஜெயித்தது என்று நினைத்தாள். இருபது வருடம் பாடம் நடத்தியதற்கு இந்த ஒரு நாள் போதும் என்றுகூட நினைத்தாள். சன்னல்களைத் திறந்துவிட்டு, சந்தோஷத்தில், ஒரு தமிழாசிரியை கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள்.

"எந்தக் கட்டத்துல பயம் வந்துச்சு? சொல்லுங்க பாப்போம்."

யாரும் கை தூக்கவில்லை.

"ஏய், அந்தக் கடைசிக் கட்டம்? கை?"

"எந்தக் கைங்க டீச்சர்?" என்றாள் முன் வரிசையில் ஒருத்தி.

அவள் அந்தக் கைகளைப் பார்த்திருக்கவில்லை. வகுப்பில் ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

"மொய் வேண்டாம்னு சொன்னேனே" என்றாள் திலகமணி.

சுகவனேஷ் எழுந்தான். திட்டு வாங்கப்போகிறவன் முகமாக இல்லை. நல்ல காரியம் செய்தவன் முகமாகத்தான் இருந்தது. "இது மொய் இல்லீங்க டீச்சர். சீருங்க. அவ திருப்பிச் செய்ய வேண்டாம்னு பேசி முடிவு பண்ணிட்டோம். கதையப் பாத்தா ஒண்ணும் வர மாட்டேங்குது, போன வாட்டியே பாத்தோமே. எங்க பயமும் நெனச்சு நெனச்சுத் தேஞ்சு போச்சு. அதனால புதுசா ஒண்ணு..."

பாதியில் அவனுக்கே உறைத்துவிட்டது. பிரணிதாவைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

"நான் டீச்சர்கிட்ட சொன்னது உங்களுக்கெல்லாம் தெரியுமாடா?" என்று கேட்டது பிரணிதா. வேப்பமரத்தடியில் அன்று வேறு யாரும் இல்லை என்றுதான் திலகமணியும் நினைத்திருந்தாள். ஆனால் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? லாரிக்காரர் மகளுக்கு என்ன பயம் இருக்கும் என்று லாரிக்காரர் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"எல்லாரும் எங்கப்பாவத்தான் நெனச்சீங்களா?"

யாரும் தலை நிமிரவில்லை.

"எப்படி நெனச்சீங்க?"

பின் வரிசையில் ஒரு பெண் மட்டும் விசும்ப ஆரம்பித்தாள். அவள் பாலத்தையும் நினைத்திருந்தாள், ஆற்றையும் நினைத்திருந்தாள். ஒரு வீட்டில் மாதக்கணக்கில் ஒருவர்கூட நினைக்காமல் காத்துவந்த ஒன்றை, ஒரு வகுப்பே உட்கார்ந்து, நல்ல மனதோடு, பத்து நிமிடம் நினைத்து முடித்திருந்தது.

பிரணிதா திரும்பினாள்.

"அந்த மார்க்கை அழிக்க முடியுங்களா டீச்சர்?"

"கண்ணு, அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. நெனப்புதானே."

"அழிக்க முடியுங்களா?"

"உன்னுத மட்டும் அழிக்க முடியாது சாமி. அழிச்சா எல்லாருக்கும் போயிரும். அந்த ஸ்கூலும் போயிரும்."

பிரணிதா வகுப்பைப் பார்த்தாள். அவளுக்கு அவர்கள் மேல் கோபம் இருந்ததா என்று திலகமணியால் சொல்ல முடியவில்லை. சுகவனேஷ்தான் முதலில் தன் கைப்பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"அழிச்சிருங்க டீச்சர். எங்களதும் போகட்டும்."

பக்கத்து இருக்கைக்காரன் கழற்றினான். பிறகு மற்றவர்கள். அருணகிரி என்ன சொல்வார், பெற்றோர் எத்தனை பேர் வாசலில் நிற்பார்கள் என்பதெல்லாம் திலகமணிக்குத் தெரியாமல் இல்லை. மூடநம்பிக்கைக்கு ஒரு பெண்ணின் படிப்பைப் பலி கொடுக்கிறோமா என்றும் அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் அந்த மார்க்கை வாங்கிக்கொண்டு போனால், அந்தப் பெண் இனி எந்தத் தாளில் எதை வரைந்தாலும் அடியில் ஒரு கவிழ்ந்த லாரி கிடக்கும். அது நிச்சயம் என்று அவளுக்குத் தோன்றியது. 'வகுப்பு கூட்டுச் சேர்ந்தது' என்ற இடத்தை அழுத்தினாள். எண்கள் எல்லாம் ஒன்றாகப் பூஜ்யமாயின. அந்த வாரம் முழுக்க அவள் வாங்கிய ஏச்சுக்கு அளவே இல்லை, அதற்கு ஒரு பட்டை இருந்திருந்தால் வெடித்திருக்கும்.

பிள்ளைகள் அந்த வாரம் வழக்கம்போல விளையாடவில்லை. பிரணிதாவிடம் யாரும் எதுவும் கேட்கவுமில்லை. காலையில் அவள் பள்ளிக்கு வருகிறாளா என்று மட்டும் கேட்டருகே நின்று பார்த்தார்கள். வந்தால் உள்ளே போனார்கள். திலகமணியும் ஏதோ வேலை இருப்பதுபோல அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். நம்பாதவள்தான்.

ஒரு மதியம், சத்துணவு மணி அடித்த நேரம், பள்ளி வாசலில் ஒரு பெரிய லாரி வந்து நின்றது. சக்கரத்திலிருந்து கூரை வரை செம்மண். அதிலிருந்து ஒரு நோஞ்சான் மனிதர், லுங்கியும் கசங்கிய பனியனுமாக இறங்கினார். சென்னியப்பன். வீட்டுக்குப் போகும் வழியில் மகளைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்திருந்தார்.

யார் முதலில் பார்த்தது என்று தெரியவில்லை. வரிசையில் நின்ற ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் தட்டோடு கேட்டுக்கு ஓடியது. அவரைச் சுற்றி நின்றுகொண்டு பார்த்தது. சும்மா பார்த்தது. மூக்கை, காதை, தாடியை, செருப்பில் ஒட்டியிருந்த மண்ணை. ஒருத்தி அவர் கையைத் தொட்டுவிட்டுப் பின்னால் போய் நின்றாள். சுகவனேஷுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது, ஏனென்று அவனுக்கே தெரியவில்லை. யாராவது அப்போது அவன் கையில் பட்டையைக் கட்டியிருந்தால் நன்றாக ஏறியிருக்கும்.

"என்னுங்க சாமி, ஒரு மாதிரி பாக்கறீங்க? என்ற மூஞ்சியில எதாச்சும் இருக்குதா?" என்று அவர் கூச்சத்தோடு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிரணிதா வந்தாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"படம் போட்டியே, மார்க்கு வந்துச்சா அம்மணி?"

"சைபருங்கப்பா" என்று சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், அழுகையும் சேர்ந்து வந்தது.

"அட, சைபரா? மத்தவிகளுக்கு?"

"எல்லாத்துக்கும் சைபர்தானுங்க மாமா" என்றான் சுகவனேஷ்.

"அப்படி என்னத்தப் பண்ணுனீங்க எல்லாரும் சேந்து?"

பிள்ளைகள் திலகமணியைப் பார்த்தார்கள். திலகமணி வேப்பமரத்தைப் பார்த்தாள். சுகவனேஷ் தன் தட்டை அவர் கையில் திணித்தான்.

"அது கெடக்குதுங்க. நீங்க மொதல்ல சோறு உண்ணுங்க."